படக்கதையில் மாவீரரும் மாபூதமும்

(கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'மாணவரும் நூற்படிப்பும்' என்ற தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இத்தகைய தலைப்பில் பேசுவோர் உயர்ந்த இலக்கியங்களைப் பட்டியலிட்டு அமர்வதே வழக்கம். நாமோ இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு படக்கதைப் புத்தகம். நமது விடுதியின் படிப்பறை மேசையில் கிடந்து, பல கைகள் பட்டு, முதுகு பிய்ந்து, ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கும் அந்தப் புத்தகத்தை நீங்கள் அறிவீர்கள். வெளியூரில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பியது அது. படிப்பறையிலிருந்து இவ்வகைப் புத்தகங்களை அகற்றிவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் பொதுக்குழுவின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவர்கள் நம் பிள்ளைகளின் நலம் நாடுவோரே. ஆகவே புத்தகத்தைப் படிக்காமலே அவர்களுக்கு மறுமொழி கூறுவது முறையாகாது என்று கருதி, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை இரு முறை படித்தோம்.

புத்தகத்தின் பெயர் 'ஜஸ்டிஸ் லீக் எதிர் காட்சில்லா எதிர் காங்'. அமெரிக்காவின் டி.சி. நிறுவனம், திரைப்படத் துறையைச் சார்ந்த லெஜண்டரி நிறுவனத்துடன் கூடி, 2023ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் தொடங்கி ஏழு இதழ்களாக வெளியிட்ட கதை இது. எழுதியவர் பிரையன் புச்செலாட்டோ. வரைந்தவர் கிறிஸ்டியன் டூச்சே. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர்வுமன் முதலான அருந்திறல் வீரர்கள் ஒருபுறம். காட்சில்லா என்னும் கடற்பூதமும் காங் என்னும் மாபெரும் குரங்கும் மறுபுறம். இருவேறு நிறுவனங்களின் கதைமாந்தரை ஒரே கதையில் சந்திக்க வைக்கும் இம்முறை பழையதுதான். 1976இலேயே டி.சி. நிறுவனத்தின் சூப்பர்மேனும், அதன் போட்டியாளரான மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேனும் ஒரே புத்தகத்தில் தோன்றினர். இரு கடைக்காரர்கள் திருவிழாவுக்காக ஒரே பந்தல் போடுவதைப் போன்றதே இது.

கதை பெரிதன்று. சூப்பர்மேன் தன் காதலி லோயிஸிடம் திருமணம் பற்றிப் பேச எண்ணியிருக்கும் வேளையில், தீயோர் கூட்டம் ஒன்று அவனுடைய பனிக்கோட்டைக்குள் புகுகிறது. அங்கிருந்து வேறோர் உலகத்தின் மண்டையோட்டுத் தீவுக்குப் போய்ச் சேர்கிறது. அவர்களுள் பொம்மைக்காரன் எனப்படுபவன் செய்யும் வினையால் அவ்வுலகத்துப் பூதங்கள் இவ்வுலகத்திற்கு வந்துவிடுகின்றன. மெட்ரோபோலிஸ் நகரத்துக் கரையில் காட்சில்லா ஏறுகிறது. எதிர்த்து நின்ற சூப்பர்மேன் படுகாயமுற்று வீழ்கிறான். பிறகு என்ன நடக்கும் என்பதை விடுதியின் ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

ஓவியம் சிறப்பானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கங்களையும் சேர்த்து விரித்த படத்தில் பூதத்தின் ஒரு கால் மட்டும் தெரிகிறது. அதனருகே கைவிரல் நகத்தளவாகப் பறக்கிறான் மாவீரன். எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் அந்தப் படத்தைக் காட்டி நம்மிடம் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, இவ்வளவு பெரிய உருவம் உண்மையில் நிற்க முடியுமா?" என்றான். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் நாம் எதிர்பார்த்துக் காத்திருந்தும் வராத வினா அது! அவனுக்குச் சொன்ன விடையை இங்கும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு பொருளின் வடிவம் மாறாமல் அதன் உயரத்தை மட்டும் பத்து மடங்கு ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். அகலமும் கனமும் கூடவே பத்து மடங்கு ஆகும். எனவே எடை 10 × 10 × 10, அதாவது 1000 மடங்கு பெருகும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 10 × 10, அதாவது 100 மடங்குதான் பெருகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைப்போல் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டிவரும். இதனைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கிவிட்டார். பிற்காலத்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் ஆங்கில அறிவியலறிஞர் 1926இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதனின் தொடை எலும்பு ஏறக்குறையப் பத்து மடங்கு எடையில் முறிந்துவிடும் என்றும், ஆகவே கதைகளில் வரும் அறுபதடி அரக்கன் ஓர் அடி எடுத்து வைத்ததும் விழுவான் என்றும் கணக்கிட்டார். (இந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) அண்மைக் காலத் திரைப்படங்களில் காட்சில்லாவின் உயரம் நூறு மீட்டருக்கும் மேல். மனிதனைப்போல் எழுபது மடங்கு என்று கொண்டால், எடை 3,43,000 மடங்கு. எலும்பின் பரப்பு 4,900 மடங்கே. ஒவ்வொரு அங்குலமும் எழுபது மடங்கு சுமை தாங்க வேண்டும். நிற்பதாவது, நடப்பதாவது! நீலத் திமிங்கலம் முப்பது மீட்டர் நீளம் வளர்கிறதே என்று அந்தப் பையன் உடனே மடக்கினான். அதனைத் தாங்குவது எலும்பன்று, கடல்நீர் என்று கூறினோம். கரையில் ஒதுங்கிய திமிங்கலம் தன் எடையாலேயே நசுங்கி மாள்கிறது. விகிதம், பரப்பு, கன அளவு ஆகிய மூன்று பாடங்களும் அரை மணி நேரத்தில் முடிந்தன. இதற்காகவே அப்புத்தகத்துக்கு ஒரு நாற்காலி போடலாம் என்று தோன்றியது.

ஆனால் தீர்மானத்தை எதிர்ப்பதற்கு இது போதாது. பெரியோர்கள் கேட்பது வேறு வினா. "நகரங்களை நொறுக்குவதைப் பார்த்துக் கைதட்டும் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான வினா. இதற்கு விடை காண, இந்தப் பூதமும் இந்த வீரனும் எங்கே, எதற்காகப் பிறந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் பூதம். 1954ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், பசிபிக் பெருங்கடலில் பிகினி என்னும் பவளத்தீவில் அமெரிக்கா நீர்வாயுக் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. ஐந்தாறு மெகாடன் ஆற்றல் வெளிப்படும் என்று கணித்திருந்தனர். வெளிப்பட்டதோ 15 மெகாடன். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது 'ஐந்தாம் நற்பேற்று நாகம்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட ஜப்பானியப் படகு. அதில் இருந்தோர் 23 மீனவர்கள். விடியுமுன் மேற்கு வானம் விடிந்ததைக் கண்டனர். சில மணி நேரத்தில் வெண்ணிறச் சாம்பல் மழைபோல் விழுந்தது. அது பொடியாக்கப்பட்ட பவளப்பாறை; கதிர்வீச்சு ஏறியது. அதனைக் கையால் துடைத்தனர். மூட்டையில் அள்ளியும் வைத்தனர். கரை சேர்வதற்குள் தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது. படகின் வானொலிப் பொறுப்பாளரான குபோயாமா ஐகிச்சி அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உயிர் நீத்தார். வயது நாற்பது. அதே சாம்பல் ரோங்கெலாப் தீவிலும் விழுந்தது. தீவு மக்களை அப்புறப்படுத்த இரண்டு நாள்கள் ஆயின. அதற்குள் குழந்தைகள் அந்தச் சாம்பலில் விளையாடி முடித்திருந்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் அமெரிக்க அரசு ஜப்பானுக்கு இருபது லட்சம் டாலர் கொடுத்தது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு கொடுத்த பணமன்று அது, கருணைத் தொகை என்று பெயர் சூட்டிக் கொடுத்தது. 'கருணைத் தொகை' என்ற சொல்லின் பொருளை இந்த அவையில் இருப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மக்கள் வாளா இருந்துவிடவில்லை. டோக்கியோ மாநகரின் சுகினாமி வட்டத்தில் மீன் வணிகர்களும், நூல் வாசிப்புக் குழுவில் கூடிய இல்லத்தரசிகளும் குண்டுச் சோதனைக்கு எதிராகக் கையெழுத்துத் திரட்டினர். நாடெங்கும் அது பரவி, மறு ஆண்டுக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. வாசிப்புக் குழு என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அடுப்படி வேலை முடித்துவிட்டு நூல் படிக்கக் கூடிய பெண்கள் அவர்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் நாள்தான் தோஹோ நிறுவனத்தின் 'கொஜிரா' திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. கொரில்லாவையும், திமிங்கலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்ற ஜப்பானியச் சொல்லையும் இணைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் காட்சில்லா ஆயிற்று. படம் தொடங்குவதே கடலில் ஒரு கப்பல் ஒளிவெள்ளத்தில் எரிந்து மூழ்குவதிலிருந்துதான். பார்த்த ஜப்பானியர் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பூதம் நகரை எரித்துச் சென்ற பின் படம் மருத்துவமனைக்குள் நுழைகிறது. தரையில் வரிசையாகக் கிடக்கும் மக்கள்; ஒரு குழந்தையின் உடலருகே கதிர்வீச்சுமானியைப் பிடித்துப் பார்த்துத் தலையசைக்கும் மருத்துவர். எரியும் தெருவில் தன் பிள்ளைகளை அணைத்தபடி ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். தந்தையிடம் போய்ச் சேரப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் யார், எந்த ஊர் என்று படம் சொல்லவில்லை. ஆனாலும் நம்மால் மறக்க இயலாதவள் அவளே.

பூதத்தை உருவாக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற எய்ஜி சுபுராயா, டோக்கியோ நகரை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டச் செய்தார். ஐம்பது மீட்டர்ப் பூதம் அந்த அளவில் இரண்டு மீட்டர் ஆகிவிடும். உள்ளே ஓர் ஆள் நிற்கலாம். நகாஜிமா ஹருவோ என்னும் நடிகர் ஏறத்தாழ நூறு கிலோ கனமுள்ள உறையை அணிந்து, வெப்பத்தில் தத்தளித்து நடந்தார். வீடு, பாலம், கோபுரம் ஒவ்வொன்றையும் தச்சர்கள் கையால் செய்தார்கள். ஒரு நகரை அழிக்க, முதலில் அந்த நகரைக் கட்ட வேண்டியிருந்தது! தாளில் வரையும் படக்கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓர் அறையை வரையவும் ஒரு மாநகரம் இடிவதை வரையவும் ஆகும் மையின் விலை ஏறக்குறைய ஒன்றே. படக்கதையின் வலிமையும் குறையும் இங்கேதான் இருக்கின்றன என்பது நமது கருத்து. அழிவு அங்கே மலிவாகக் கிடைக்கிறது.

இனி வீரன். சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள். கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த, பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1938ஆம் ஆண்டு சூன் இதழில் அவர்களுடைய வீரன் முதன்முதல் தோன்றியபோது அவனால் பறக்கக்கூட முடியாது. தாவ மட்டுமே முடியும். அக்காலக் கதைகளில் அவனுக்குப் பூதங்களோடு வேலையில்லை. முதல் கதையிலேயே மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்து உலுக்குகிறான். குற்றமற்ற பெண்ணொருத்தி தண்டிக்கப்படாமல் காக்கிறான். மூன்றாம் இதழில், பாதுகாப்பற்ற சுரங்கத்தில் ஆட்களை இறக்கிப் பொருளீட்டும் முதலாளியையும் அவன் விருந்தினரையும் அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்து, தொழிலாளி படும்பாட்டை உணரச் செய்கிறான். எட்டாம் இதழில் சேரியொன்றை இடித்துத் தள்ளுகிறான். குடியிருந்தோரை முதலில் வெளியேறச் சொல்லிவிட்டு, அவ்விடத்தில் அரசு நல்ல வீடுகளைக் கட்டியே தீர வேண்டும் என்ற நிலையை உண்டாக்குகிறான். கதையில் வீடுகள் எழுந்துவிடுகின்றன. இடிப்பதைக் கண்டும் எழுவதைக் காணாதோர் இந்த அவையில் பலர் உண்டு. ஆயினும் அந்தக் கதையை எழுதிய இளைஞர்களின் நெஞ்சு எங்கே இருந்தது என்பது விளங்குகிறதன்றோ?

அவர்கள் கதையும் அறியத்தக்கது. சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். நிறுவனம் கோடிக்கணக்கில் ஈட்டியது. உரிமை கேட்டு வழக்காடியவர்களின் பெயர்கள்கூடப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டன. முதுமையில் சீகல் எழுத்தர் வேலை பார்த்தார். ஷூஸ்டரின் கண்பார்வை மங்கிவிட்டது. 1975இல், சூப்பர்மேன் திரைப்படம் ஒன்று உருவாகவிருந்த வேளையில், செய்தி வெளியில் பரவியதன் பின்னரே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. வேடிக்கை என்னவெனில், அந்த 130 டாலரும் அடங்கிய பழைய காசோலைத் தாள் 2012இல் ஏலத்திற்கு வந்தபோது 1,60,000 டாலருக்கு விலைபோயிற்று. கையெழுத்திடும் முன் தாளைப் படி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடத் தக்க சான்று எது?

இவ்விரு பிறப்பையும் அறிந்த பின் புத்தகத்திற்குத் திரும்புவோம். மீனவர் மேல் விழுந்த சாம்பலிலிருந்து எழுந்த பூதமும், சுரங்கத் தொழிலாளிக்காக முதலாளியைத் தண்டித்த வீரனும் 2023இல் சந்திக்கிறார்கள். ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவர்களுக்கு எத்தனையோ இருந்திருக்கும்! ஆனால் அவர்கள் செய்வது மற்போர். கடைசிப் பக்கத்தை மூடியபின் மெட்ரோபோலிசில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பெயராவது நினைவில் நிற்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். நிற்கவில்லை. வீரர்களின் பெயர்கள் அனைத்தும் நிற்கின்றன. யாருடைய வீடு இடிந்தது, மறுநாள் அவர்கள் எங்கே உறங்கினார்கள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. இதுவே அப்புத்தகத்தின்மீது நமக்குள்ள குறை. வன்முறை மிகுதி என்று பெரியோர்கள் கூறும் குறையைக் காட்டிலும் இது பெரிது.

இக்குறை தவிர்க்க முடியாதது என்றும் சொல்லிவிட முடியாது. மார்வெல் நிறுவனம் 1977 முதல் 1979 வரை காட்சில்லாவை வைத்து 24 இதழ்கள் வெளியிட்டது. எழுதியவர் டக் மோயின்ச். வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப். கரும்சாம்பல் நிறப் பூதத்தைப் பச்சையாக்கிவிட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பூதத்தைச் சுருக்கிச் சாக்கடை எலியோடு போரிட விடுவது, பழங்காலத்துக்கு அனுப்புவது எனக் கூத்துகள் ஏராளம். எனினும் ராப் என்னும் ஜப்பானியச் சிறுவன் ஒருவனை அவர்கள் கதை நெடுகக் கூட்டிவந்தார்கள். பூதத்தை அழிக்க எல்லோரும் திட்டமிடும்போது, அதற்காக மன்றாடுபவன் அவன். இறுதியில் நியூயார்க்கில் அவெஞ்சர்சும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் வீரர்களும் மோதி ஓய்ந்த பின், அச்சிறுவனின் வேண்டுகோளால்தான் காட்சில்லா கடலுக்குத் திரும்புகிறது. அத்தனை வீரரும் செய்யாததை ஒரு பொடியன் செய்துவிடுகிறான். அச்சும் வண்ணமும் பழையவை. கதையில் மட்டும் ஓர் உயிர் இருக்கிறது.

அகற்றுவது பற்றியும் ஒரு செய்தி உண்டு. கொஜிரா வெளிவந்த அதே 1954இல், பிரெடரிக் வெர்த்தம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகள் ஆக்குகின்றன என்று நூல் எழுதினார். செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். பல பதிப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர், 2012இல் கரோல் டில்லி என்னும் நூலகவியல் பேராசிரியை வெர்த்தமின் கைக்குறிப்புகளை ஆராய்ந்து, அவர் தம் முடிவுக்கேற்பச் சான்றுகளைத் திருத்தியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்ததை வெளிப்படுத்தினார். நல்லெண்ணம் கொண்டவர்தாம் வெர்த்தம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமனை நடத்தியவர். நல்லெண்ணம் மட்டும் சான்றாகிவிடாது என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதல் எழுத்தறிந்தவர்கள். ஒரு முழுப் புத்தகத்தைத் தானே படித்து முடித்தேன் என்று சொல்லும் நாள் அவர்களுக்குச் சிறிய நாளன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய பின், இரும்புக்கை மாயாவியைத் துரத்திக்கொண்டே எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் இம்மேடையிலும் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொன்னால் கோபிப்பார்கள். அந்த ஆங்கிலப் புத்தகத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு மாணவர்கள் முடித்திருக்கிறார்கள் என்று விடுதிக் காப்பாளர் தம் குறிப்பேட்டிலிருந்து கூறுகிறார். பாடநூலுக்கு வெளியே ஒரு முழு ஆங்கிலப் புத்தகத்தை அவர்கள் முடித்தது இதுவே முதன்முறை.

ஆகவே தீர்மானத்தின்மேல் நமது வாக்கு, புத்தகம் மேசையிலேயே இருக்கட்டும் என்பதே. ஆனால் அது தனித்து இருக்க வேண்டா. அதன் பக்கத்தில் பசிபிக் பெருங்கடலின் வரைபடம் ஒன்றை ஒட்டி, பிகினி, ரோங்கெலாப், யைசு துறைமுகம் ஆகிய மூன்றையும் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுக் கொஜிராவை ஒரு சனிக்கிழமை மாலை விடுதிக் கூடத்தில் திரையிட வேண்டும். 1956இல் அமெரிக்க நடிகரைப் புகுத்தி வெட்டி ஒட்டிய படமன்று, மூலப்படம். இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். கிழிந்த முதுகைத் தைக்க நூலும் ஊசியும் பசையும் வாங்க நூலகச் செலவினத்தில் இடமுண்டா என்பதைப் பொருளாளர் அவர்கள் இன்றைய கூட்டத்திலேயே அறிவித்தால் நன்று.